இன்மையை அறிதல்: கொடைக்கானல் சூரியத் தகடுகளும் சதுர அடைப்புக்குறியும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு தொகுப்பிலிருந்து ஒரு மதிப்பை எடுக்க, தொகுப்பின் பெயரை எழுதி அதையடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சாவியை இடுவது வழக்கம். தொகுப்பு பட்டியலாக இருந்தால் சாவி ஓர் எண். அகராதியாக இருந்தால் பெயர், தேதி, ஊர் என எதுவும் சாவியாகலாம். பழைய சி மொழியில் இந்தக் குறி வெறும் கூட்டல் கணக்குதான்: தொகுப்பு தொடங்கும் நினைவக முகவரியோடு எண்ணைக் கூட்டி, அந்த இடத்தில் இருப்பதை எடுத்து வருகிறது. பொருள்நோக்கு மொழிகளில் அதே குறி கேள்வியாகிவிடுகிறது. பைத்தானில் அடைப்புக்குறியைக் கண்டதும் தொகுப்பின் ‘கெட்ஐட்டம்’ என்ற செயற்கூறு அழைக்கப்படுகிறது. சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப், ரூபி, ஸ்விஃப்ட் ஆகியவற்றிலும் அடைப்புக்குறி என்ன செய்ய வேண்டும் என்பதை, கிளாஸை, அதாவது அந்தத் தொகுப்பின் வகை வரையறையை, எழுதுபவரே முடிவு செய்யலாம். கேட்பவர் சாவியைத் தருகிறார். எப்படிப் பதில் சொல்வது என்பதைத் தொகுப்பு முடிவு செய்கிறது.

சாவிக்குரிய மதிப்பு உள்ளே இருக்கும்வரை இதில் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. இல்லாதபோதுதான் கேள்வி எழுகிறது. அப்போது தொகுப்பு எதைச் சொன்னால் அது உண்மையாக இருக்கும்? ‘இல்லை’ என்ற அறிவு எதிலிருந்து பிறக்கிறது? கண் உள்ளதைத்தான் காணும். இல்லாததைக் காண்பது எப்படி? இந்தியத் தருக்க மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இதை வாதிட்டிருக்கின்றன. அந்த வாதம் வெறும் ஏட்டுச் சண்டையன்று என்பதைப் பழனி மலையின் உச்சியில் சேர்ந்திருக்கும் ஒரு தொகுப்பு காட்டுகிறது.

தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876–78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய அரசு விரும்பியது. சூரியனை நாள்தோறும் கவனிக்க மலையுச்சியில் ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, பிறகு அரசு வானியலராகப் பொறுப்பேற்ற சார்லஸ் மிச்சி ஸ்மித், பழனி மலையிலுள்ள கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895இல் அடிக்கல் நடப்பட்டது. 1899இல் நுங்கம்பாக்கத்தின் பழைய வானாய்வகத்துப் பணிகள் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலைக்கு மாறின. 1904 முதல் சூரிய வட்டத்தை நாள்தோறும் படமெடுக்கும் வழக்கம் தொடங்கியது. ஜான் எவர்ஷெட் 1907இல் வந்து சேர்ந்தார். சூரியப் புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் இங்கேதான் கண்டறிந்தார். கண்ணாடித் தகடுகளிலும் பின்னாளில் பிலிமிலும் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சூரிய நாட்கள் பதிவாகின. இப்போது அவற்றை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் எண்முறைப் படங்களாக மாற்றி வைத்திருக்கிறது.

இந்தத் தொகுப்புக்கு இயல்பான சாவி தேதிதான். ஆனால் எல்லாத் தேதிக்கும் படம் இல்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் பழனி மலையைத் தொடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மலையை விட்டு இறங்காத நாட்கள் வரும். அப்படியொரு நாளில் கருவி இருக்கும், ஆள் இருப்பார், சூரியன் தெரியாது. சூரியன் நன்றாகத் தெரிந்தும் ஒரு புள்ளிகூட இல்லாத நாட்களும் உண்டு. 1913ஆம் ஆண்டில் மட்டும் அப்படிப்பட்ட புள்ளியற்ற நாட்கள் 311 என்று கணக்கிடப்பட்டுள்ளன. ஆக, ‘இந்தத் தேதியில் எத்தனை புள்ளிகள்?’ என்ற கேள்விக்கு இரண்டு வகையான ‘ஒன்றுமில்லை’ பதிலாக வரலாம். ஒன்றில் படம் இருக்கிறது, புள்ளி இல்லை. மற்றதில் படமே இல்லை.

இரண்டையும் சுழியம் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? முப்பது நாள் கொண்ட ஒரு மாதத்தில் இருபது நாள் வானம் தெளிவு, நாளுக்குப் புள்ளி எண் 60 என்று கொள்வோம். மேகம் மூடிய பத்து நாளையும் விட்டுவிட்டால் சராசரி 60. அவற்றைச் சுழியமாக எண்ணினால் சராசரி 40. மூன்றில் ஒரு பங்கு சூரியச் செயல்பாடு காகிதத்தில் காணாமல் போகிறது. இதைவிடக் கேடான விளைவு ஒன்றும் உண்டு. மேகம் பருவத்தோடு வருவது. எனவே ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் புள்ளி எண் சரிந்து, கோடையில் ஏறுவதுபோல் தெரியும். மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு தேடித் தொடங்கிய நிலையத்தின் பதிவுகளிலிருந்தே அந்தத் தொடர்பு ‘நிரூபணம்’ ஆகிவிடும். மழைமேகம் தன் நிழலைத் தானே சூரியன்மேல் எழுதியிருக்கும்.

மீமாம்சகரான குமாரில பட்டர் ஏழாம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, குடம் இல்லாத தரை. ஒருவர் அறைக்குள் பார்க்கிறார், குடம் காணவில்லை, ‘இங்கே குடம் இல்லை’ என்று அறிகிறார். இந்த அறிவு காட்சியால் வந்ததன்று, கருதலால் வந்ததுமன்று என்பது குமாரிலர் முடிவு. காணாமையே ஓர் அளவை, அதாவது அறிவுக்கு ஒரு தனி வழி. அதே மீமாம்ச மரபின் பிரபாகரர் இதை ஏற்கவில்லை. வெறுந்தரையை அறிவதற்கு மேல் அங்கே வேறு அறிவு எதுவும் இல்லை என்றார். நியாய நூலார் மூன்றாவது வழி சென்றனர்: இன்மை ஓர் உண்மைப் பொருள், தரைக்கு அடைமொழியாக நின்று அது காட்சிக்கே புலனாகிறது. தமிழிலும் இந்த வாதம் பழையது. மணிமேகலையின் ‘சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ அபாவத்தை, அதாவது இன்மையை, அளவைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கூறும் அளவைகளின் நீண்ட பட்டியலில் அபாவத்தையும் சொல்லிவிட்டு, அனைத்தும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றிலே அடங்கும் என்று முடிக்கிறார்.

இவர்கள் எந்த இடத்தில் ஒன்றுபடுகிறார்கள் என்பதே இங்கு முக்கியம். காணாமை எல்லாமே இன்மைக்குச் சான்று ஆகாது. குடம் அங்கே இருந்திருந்தால் கண்டிப்பாகக் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும்: வெளிச்சம் வேண்டும், கண் நலமாக இருக்க வேண்டும், பார்வை அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், பொருளும் காணத்தக்கதாக இருக்க வேண்டும். இந்தத் தகுதியை யோக்கியதை என்றார்கள். இருட்டறையில் குடம் காணாதது குடம் இல்லை என்பதற்குச் சான்றன்று. பௌத்தரான தர்மகீர்த்தி காணாமையைக் கருதலின் ஒரு வகையாக்கினாலும் இதே நிபந்தனையை இன்னும் கறாராக வைத்தார். இடத்தாலோ காலத்தாலோ இயல்பாலோ எட்டாத பொருளைக் காணாமல் இருப்பது ஐயத்தை மட்டுமே தரும். பிசாசைக் கண்டதில்லை என்பதால் பிசாசு இல்லை என்று துணிய முடியாது என்பது அவர் மரபில் வழங்கும் எடுத்துக்காட்டு.

கொடைக்கானல் தொகுப்பில் தரை எது, குடம் எது என்று கேட்டால் விடை நேராகக் கிடைக்கும். தகட்டில் விழுந்த சூரிய வட்டம் தரை, புள்ளி குடம். புள்ளியற்ற நாளில் தரை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, எனவே ‘புள்ளி இல்லை’ என்பது முழு அறிவு. மேகம் மூடிய நாளில் தரையே இல்லை. பிரபாகரர் சொன்ன வெறுந்தரைகூடக் கிட்டாத இடத்தில் குடத்தைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. அன்று சூரியனில் புள்ளி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். யோக்கியதைக்குப் படிநிலைகளும் உண்டு. சூரிய விளிம்பில் எழும் சுடர்களை அளந்து கொடைக்கானல் வெளியிட்ட பழைய அறிக்கைகளில், படம் அரைகுறையாக விழுந்த நாட்களை முழு நாளாக எண்ணாமல் நாளின் ஒரு பின்னமாகவே கணக்கில் கொண்டார்கள். பார்த்த அளவுக்குத்தான் ‘இல்லை’ என்று சொல்ல உரிமை என்பதைத் தருக்க நூல் படிக்காமலே அந்த அலுவலகம் கடைப்பிடித்திருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து நிரல் மொழிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு தத்துவக் கட்சியில் நிற்பது தெரியும். சி மொழியில் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மொழியே உறுதி தருவதில்லை. பல நேரம் அந்த இடத்தில் கிடக்கும் வேறு எதுவோ பதிலாக வந்துவிடும். இது இன்மையை அறியாதது மட்டுமன்று, ஒன்றை மற்றொன்றாகக் காணும் திரிபுணர்ச்சி. பைத்தானின் அகராதி, சாவி இல்லையென்றால் வேலையை நிறுத்திப் பிழையை எழுப்புகிறது. அதே அகராதியின் ‘கெட்’ செயற்கூறு ‘நன்’ என்ற வெறுமையைத் தருகிறது. ரூபியின் அடைப்புக்குறி ‘நில்’ தருகிறது. இவற்றில் ஒரு குழப்பம் மறைந்திருக்கிறது: சாவி உள்ளே இருந்து அதன் மதிப்பே ‘நன்’ ஆக இருந்தாலும் அதே பதில்தான் வரும். தரை இருந்து குடம் இல்லாததும், தரையே இல்லாததும் ஒரே குரலில் பேசிவிடுகின்றன. ஸ்விஃப்ட் மொழியின் அகராதி ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற உறைக்குள் வைத்தே மதிப்பைக் கொடுக்கிறது. கேட்டவர் உறையைத் திறந்து பார்க்காமல் கணக்கில் சேர்க்க முடியாது. எழுபதுகளில் உருவான ஸ்மால்டாக், பதிலின் பொறுப்பைக் கேட்பவரிடமே ஒப்படைக்க ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் ‘அட்: இஃப்ஆப்சென்ட்:’ என்னும் செய்தியில், ‘இந்தச் சாவியில் உள்ளதைக் கொடு, இல்லையென்றால் இதைச் செய்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்மையை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கக் கேட்பவரைக் கட்டாயப்படுத்தும் இந்த ஏற்பாடு மிக நேர்மையானது.

மிக ஆபத்தானது சி பிளஸ் பிளஸின் ‘மேப்’ தொகுப்பு. அதில் இல்லாத சாவியை அடைப்புக்குறியில் கேட்டால், அந்தச் சாவியை அது அப்போதே படைத்து, எண்ணாக இருந்தால் சுழியத்தை அதற்கு மதிப்பாக வைத்து, அந்தச் சுழியத்தையே பதிலாகத் தருகிறது. கேள்வியே சான்றைப் பிறப்பித்துவிடுகிறது. மேகம் மூடிய ஒரு தேதியை ஒருவர் சும்மா கேட்டுப் பார்த்தாலே போதும். அடுத்து வருபவருக்கு அந்த நாளில் சூரியன் பார்க்கப்பட்டதாகவும் புள்ளி எதுவும் இல்லாததாகவும் பதிவு இருக்கும். சொற்களை எண்ணுவது போன்ற வேலைகளில் இந்த வசதி மெய்யாகவே பயனுள்ளது: ஒரு நூலில் இதுவரை வராத சொல்லின் எண்ணிக்கை சுழியம்தான், ஏனென்றால் அதுவரையிலான பக்கங்கள் முழுதும் படிக்கப்பட்டுவிட்டன. யோக்கியதை அங்கே நிறைந்திருக்கிறது. வானத்தைப் பார்க்கும் தொகுப்பில் அது இல்லை. ஒரே செயற்கூறு ஓரிடத்தில் உண்மை சொல்வதும் மற்றோரிடத்தில் பொய் சொல்வதும் இதனால்தான். அதே மொழியில், இல்லாத சாவிக்குப் பிழை எழுப்பும் ‘அட்’ என்ற செயற்கூறும் உண்டு. கவனிப்புத் தரவுக்கு அதுவே உரியது.

இந்தத் தவறு கற்பனையில் மட்டும் நிகழ்வதன்று. 1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் மிக அரிதாகவே தோன்றின என்பது மவுண்டர் குறைவு என்று அழைக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் புள்ளிகள் உண்மையிலேயே இல்லையா, அல்லது பார்ப்பவர்கள் இல்லையா? 1976இல் ஜான் எடி எழுதிய கட்டுரை இதை நேராக எதிர்கொண்டது. அன்றைய தொலைநோக்கிகள் புள்ளிகளைக் காட்டப் போதுமானவை. காசினி, ஃபிளாம்ஸ்டீட் போன்ற தேர்ந்த கவனிப்பாளர்கள் பணியில் இருந்தார்கள். 1671இல் காசினி ஒரு புள்ளியைக் கண்டபோது அது செய்தியாக வெளியிடப்பட்டது. அதாவது, இருந்திருந்தால் கண்டிருப்பார்கள். பெயர் சொல்லாமலே எடி நிறுவியது யோக்கியதையைத்தான். அதற்குத் துணையாகத் துருவ ஒளியின் பதிவுகளையும், மரவளையங்களில் உள்ள கரிமம்-14 அளவையும் கொண்டுவந்தார். பிறகு 1998இல் டக்ளஸ் ஹாய்ட்டும் கென்னத் ஷாட்டனும் பல நூற்றாண்டுப் புள்ளிப் பதிவுகளைப் பெருந்தொகுப்பாக ஆக்கினர். அதில், ஒரு வானியலர் ‘இத்தனை காலமாகப் புள்ளி காணவில்லை’ என்று பொதுவாக எழுதிய குறிப்புகள், அந்தக் காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சுழியமாகப் பிரித்துப் பதியப்பட்டிருந்தன. பின்வந்த ஆய்வாளர்கள் இந்தச் சுழியங்களை நீக்கித் தொகுப்பைத் திருத்த வேண்டியதாயிற்று. மவுண்டர் குறைவு திருத்தத்துக்குப் பின்னும் நின்றது. ஆனால், நாள்தோறும் பார்த்து அறிந்தது என்ற தோற்றம் நிற்கவில்லை.

இன்மையிலும் வகை உண்டு. வைசேடிக மரபு நான்கு சொல்லும். ஒரு பொருள் தோன்றுமுன் உள்ளது முன்னின்மை. அதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. 2018இல் பூத்து ஓய்ந்த பழனி மலைக் குறிஞ்சியில் அடுத்த பூப்பு வரை இருப்பது, வரப்போகும் பூவின் முன்னின்மை. 1890ஆம் ஆண்டின் கொடைக்கானல் தகடு கேட்டால் கிடைக்கும் இன்மையும் அத்தகையதே. பொருள் அழிந்தபின் உள்ளது அழிவுபாட்டின்மை. உடைந்துபோன ஒரு கண்ணாடித் தகடு அதில் சேரும். எக்காலத்தும் இல்லாதது முழுதுமின்மை. பிப்ரவரி 30 என்ற சாவிக்கு வேறு பதில் இல்லை. ஒன்று மற்றொன்றாக இல்லாதது ஒன்றினொன்றின்மை. கால்சியம் ஒளியில் எடுத்த படத்தை வெள்ளொளிப் படமாகக் கேட்பவருக்கு அதுவே விடை. ஒரு நல்ல கிளாஸ் இந்த நான்கையும் நான்கு வேறு பதில்களாகச் சொல்ல முடியும், சொல்ல வேண்டும். மேகம் மூடிய நாளின் புள்ளியோ இந்த நான்கிலும் அடங்காது. அது இன்மையே அன்று, ஐயம். ஐயம் தீர வேறு அளவை வேண்டும். கிரீன்விச் வானாய்வகம் 1874 முதல் நடத்திய சூரியப் படப் பதிவில் விடுபட்ட நாட்களை நிரப்பக் கொடைக்கானல் படங்களும் பயன்பட்டன. தான் காணாத நாளைப் பிறர் கண்டு சொன்னது. அது உரை அளவை. அப்படி நிரப்பும்போது எந்த நாள் யார் கண்டது என்ற குறிப்பும் கூடவே போக வேண்டும். உரை காண்டலாக வேடமிடக் கூடாது.

இந்த வாதம் சமயத்தின் மையக் கேள்விக்கும் செல்கிறது. காண முடியாத கடவுள் இல்லை என்ற பொருள்முதல்வாதிகளான சார்வாகரின் கூற்றுக்கு, நியாய நூலாரான உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் கொடுத்த மறுமொழி புகழ்பெற்றது. காணாமை ஒன்றே இன்மைக்குச் சான்றானால், வீட்டைவிட்டு வெளியே வந்த சார்வாகன் தன் மனைவி மக்களைக் காணாததால் அவர்கள் இல்லை என்று முடிவு செய்து மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டியிருக்கும் என்றார். உதயணரின் வாதம் கடவுளை நிறுவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது ஒரு தவறான மறுப்பை மட்டும் விலக்குகிறது. தகடு இல்லாத நாளைப் பற்றி ‘புள்ளி இல்லை’ என்று சொல்வது எவ்வளவு தவறோ, ‘புள்ளி இருந்தது’ என்பதும் அவ்வளவே தவறு.

சைவ சித்தாந்தம் இதனினும் ஆழமான ஓர் இடத்தைத் தொடுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், உயிரைக் கட்டும் ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறார். இருள் பிற பொருள்களை மறைக்கும், ஆனால் தன்னைக் காட்டும். இருட்டாக இருக்கிறது என்றாவது ஒருவருக்குத் தெரியும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். உயிர் தான் அறியாமையில் இருப்பதையே அறியாது. உயிரின் கட்டைப் பற்றிய இந்தக் கூற்று, அறிவைச் சேர்த்து வைக்கும் எதற்கும் பொருந்துகிறது. சாவி இல்லையென்று பிழை எழுப்பும் தொகுப்பு இருளைப் போன்றது: பொருளைக் காட்டவில்லை, ஆனால் காட்டவில்லை என்பதைக் காட்டியது. கேட்டவர் விளக்கைத் தேடலாம், கிரீன்விச்சைக் கேட்கலாம், அல்லது அந்த நாளை விட்டுவிடலாம். இல்லாத இடத்தில் சுழியத்தை வைத்து அமைதியாகத் தொடரும் தொகுப்பு இரண்டையும் மறைக்கிறது. அதன் சராசரி தெளிவாக இருக்கும், வரைபடம் இடைவெளியின்றி ஓடும், யாருக்கும் ஐயம் வராது.

ஆகவே கொடைக்கானல் படங்களுக்கோ, ஒரு தாலுகாவின் மழைப் பதிவேட்டுக்கோ, ஓர் ஊரின் நோய்க் கணக்குக்கோ கிளாஸ் எழுதுபவர் இரண்டு தொகுப்புகளைத் தனித்தனியே வைக்க வேண்டும்: பார்த்த நாட்கள் ஒன்று, பார்த்ததில் கிடைத்தவை ஒன்று. அடைப்புக்குறி முதலில் முதல் தொகுப்பைக் கேட்கட்டும். தேதி அங்கே இருந்து இரண்டாவதில் எதுவும் இல்லையென்றால் மட்டும் சுழியம் தரட்டும். அங்கேயே இல்லையென்றால் பிழை எழுப்பட்டும். மேகமா, கருவிப் பழுதா, உடைந்த தகடா என்ற காரணம் தெரிந்திருந்தால் அதையும் சேர்த்தே சொல்லட்டும்.